தண்டவாளமும் இரண்டு நாய்களும்

1917-ல் மாக் செனட்டின் கீஸ்டோன் கம்பெனி ‘டெடி அட் தி த்ராட்டில்’ என்றொரு சிரிப்புப் படம் எடுத்தது. வில்லன் வாலஸ் பீரி, நாயகி குளோரியா ஸ்வான்சனைத் தண்டவாளத்தில் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டுப் போகிறான். ரயில் வருகிறது. டெடி என்ற கிரேட் டேன் நாய் ஓடிப்போய் அவள் காதலனிடம் சேதியைச் சேர்க்கிறது. நாயகி பிழைத்துக்கொள்கிறாள். 2018 செப்டம்பரில் மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ வந்தது. அதிலும் தண்டவாளம் உண்டு. கட்டப்பட்டிருப்பது கருப்பி என்ற வேட்டைநாய். அந்த ரயில் நிற்கவில்லை.

இந்த நூற்றொரு வருஷத்தில் திரையில் நாய்க்கு என்ன நேர்ந்தது என்று வெம்பக்கோட்டையில் உட்கார்ந்து யோசிக்கிற எனக்கு இரண்டு காரணங்கள் உண்டு. சிப்பிப்பாறை நாய்க்குப் பெயர் தந்த ஊர் எங்கள் வட்டாரத்தில்தான் இருக்கிறது. நாய்களை விரட்டுகிற வெடியும் இங்கேதான் உருட்டப்படுகிறது.

திரையில் நாய் முதலில் பெயர் வாங்கியது இங்கிலாந்தில். 1905-ல் செசில் ஹெப்வொர்த் எடுத்த ‘ரெஸ்க்யூட் பை ரோவர்’ படத்தில், கடத்தப்பட்ட குழந்தையை நாய் மோப்பம் பிடித்துக் கண்டுபிடிக்கிறது. குழந்தை ஹெப்வொர்த்துடையது, தாயாக நடித்தவர் அவர் மனைவி, நாயும் அவர்கள் வீட்டு பிளேர். பிரதிகள் போட்டுப் போட்டு நெகட்டிவ் தேய்ந்துபோய், அதே படத்தை மறுபடியும் எடுக்க வேண்டி வந்தது. அதே 1905-ல்தான் திருச்சியில் ரயில்வே வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், பிரெஞ்சுக்காரர் டூபாண்டிடம் படக்கருவியை விலைக்கு வாங்கி ஊர் ஊராகக் கொட்டகை போடக் கிளம்பினார்.

ஆனால் நடிகன் என்று மனமறிந்து சொல்லத்தக்க நாய் லூக். புல் டெரியர் வகை, பருத்த மார்பு, விடாப்பிடியான முகம். நடிகை மிண்டா டர்ஃபீ ஆபத்தான ஒரு காட்சியில் துணிந்து நடித்ததற்காக, இயக்குநர் வில்ஃபிரட் லூகாஸ் அவருக்குக் கொடுத்த குட்டி அது. கொடுத்தவர் பெயரையே குட்டிக்கும் சுருக்கி வைத்தார்கள். மிண்டாவின் கணவர் ‘ஃபேட்டி’ ஆர்பக்கிள், அன்றைய அமெரிக்காவில் சாப்ளினுக்கு இணையாகக் கூட்டம் சேர்த்த நகைச்சுவை நடிகர். லூக்குக்கு ஏணி ஏறப் பழக்கிவிட்டவர் அவர்தான்.

1916-ல் வந்த ‘ஃபேட்டி அண்ட் மேபல் அட்ரிஃப்ட்’ படத்தில் புதுமணத் தம்பதியின் வீட்டையே வில்லன் கடலில் மிதக்கவிட்டுவிடுகிறான். உதவி கேட்டு எழுதிய சீட்டைக் கரைக்குக் கொண்டுபோவது லூக். 1917-ல் ‘தி புட்சர் பாய்’: பஸ்டர் கீட்டன் முதன்முதலாகத் திரையில் தோன்றிய படம். அதில் லூக்குக்குக் கடைவேலை. நடைச்சக்கரத்தில் ஓடி ஓடி மிளகு அரைக்க வேண்டும். ‘தி குக்’ என்ற 1918-ஆம் வருஷத்துப் படம் தொலைந்தே போனது என்றிருந்தபோது, 1998-ல் நார்வேயில் ஒரு பிரதி அகப்பட்டது. லூக் மறுபடியும் ஓடத் தொடங்கியது.

எனக்குப் பிடித்தது கீட்டனின் ‘தி ஸ்கேர்குரோ’, 1920. கிரீம் பையைத் தின்றுவிட்டு வாயெல்லாம் வெள்ளையாக நிற்கிற லூக்கைக் கீட்டன் வெறிநாய் என்று நினைத்துவிடுகிறார். பிடிக்கிறார் ஓட்டம். கூரையில்லாத பாழடைந்த கட்டடம், அதன் மதில் விளிம்பில் மனிதன் முன்னே, நாய் பின்னே. ஒரு சுற்று, இரண்டு சுற்று. ஜன்னல் வழியே புகுந்து, ஏணியேறி மறுபடியும் மதில். எத்தனை முறை பார்த்தாலும் என் கண் நாயின் காலிலேயே நிற்கும். அத்தனை குறுகலான சுவரில் ஒரு தடுமாற்றம் இல்லை. அதற்குக் கதை தெரியாது, தான் வெறிநாய் என்பதும் தெரியாது. தெரிந்த ஆள் முன்னால் ஓடுகிறான், அவனைப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். நாயைப் பொறுத்தவரை அந்த ஓட்டத்தில் பொய்யே கிடையாது. மனிதன் பயத்தை நடிக்கிறான், நாய் நிஜமாகவே சந்தோஷமாக இருக்கிறது. அந்த இரண்டும் ஒரே சட்டத்துக்குள் ஓடும்போது பிறக்கிற சிரிப்பை வேறெந்த வகையிலும் உண்டாக்க முடியாது என்றே நம்புகிறேன்.

இதற்கு மௌனப்படம் ஒத்தாசையாக இருந்தது. நாயைப் பழக்கியவர் கேமராவுக்கு இந்தப் பக்கம் நின்று வாய் ஓயாமல் கூப்பிடலாம், அதட்டலாம், கொஞ்சலாம். பேசும்படம் வந்ததும் அந்தக் குரலுக்கு வாய்ப்பூட்டு. நாய் கைச்சாடைக்குப் பழக வேண்டியதாயிற்று. தன் ஆளின் குரலைக் கேட்டுக்கொண்டே ஓடுகிற ஓட்டம் அதோடு போயிற்று.

1918-ல் வந்த சாப்ளினின் ‘எ டாக்ஸ் லைஃப்’ இன்னொரு வழி. அதில் மட் என்ற கலப்பினத் தெருநாய். பசித்த மனிதனும் பசித்த நாயும் ஒரே தரையில் படுக்கிறார்கள். திருடர்கள் புதைத்த பணப்பையை நாய் தோண்டியெடுக்க, வாழ்வு வருகிறது. கடைசிக் காட்சியில் ஒரு தொட்டில். எட்டிப் பார்த்தால் உள்ளே நாயும் அதன் குட்டிகளும்.

1921-ல் ஆர்பக்கிள் மேல் கொலைப்பழி விழுந்தது. 1922 ஏப்ரலில் அவர் குற்றமற்றவர் என்று விடுதலையானார். ஆனாலும் சில நாட்களிலேயே அவர் படங்களுக்குத் தடை வந்தது. அவரோடு சேர்ந்து லூக்கின் படங்களும் முடங்கின. லூக் 1926-ல் இறந்தது.

தமிழ்நாட்டுக் கொட்டகைகளிலும் இத்தகைய சிரிப்புப் படங்கள் ஓடின. தி. ரங்காச்சாரியார் தலைமையில் 1927-28-ல் விசாரித்த திரைப்படக் குழு, இந்தியாவில் ஓடுகிற படங்களில் பெரும்பகுதி அமெரிக்கப் படங்களே என்று கண்டது. எழுத்து அட்டைகளை உரக்கச் சொல்ல ஓர் ஆள் நிற்பார். நாய் ஓடுகிற காட்சிக்கு அவர் தேவைப்பட்டிருக்க மாட்டார்.

1931-ல் ‘காளிதாஸ்’ படத்தோடு தமிழ்த் திரை பேசத் தொடங்கியது. அதன்பின் வந்த தமிழ்ப் படங்கள் நாடக மேடையின் பிள்ளைகள். புராணமும் பாட்டும் பேச்சும் நிறைந்த அந்த உலகில் நாய்க்கு இடம் குறைவு. பைரவருக்கு வாகனம் நாய், தருமனோடு கடைசிவரை நடந்ததும் நாய். அவை கும்பிடத்தக்க நாய்கள், விளையாட முடியாதவை. நகைச்சுவை வசனத்தின் கைக்குப் போயிற்று. கலைவாணர் என்.எஸ்.கே.யின் சிரிப்பு வாயில் பிறந்தது, அதன் பெருமை வேறு. பம்பாயில் வாடியா சகோதரர்கள் நடிகை நாதியாவின் சண்டைப் படங்களில் குதிரையோடு ‘கன்போட்’ என்ற நாயையும் ஓடவிட்டார்கள். இங்கே விலங்குகளை நம்பிப் படம் எடுத்தவர் சாண்டோ சின்னப்பா தேவர். அவர் பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வருவது யானை. நமது திரையில் நாய் பெரும்பாலும் காவல் காத்தது, அல்லது எஜமானுக்காக உயிரை விட்டது. 1985-ல் வந்த இந்திப் படம் ‘தேரி மெஹர்பானியான்’ போல, பழிவாங்கவும் செய்தது. விசுவாசம் என்ற ஒரே குணத்தை அதன் கழுத்தில் கட்டி, அதன் விளையாட்டைப் பிடுங்கிக்கொண்டோம். எனக்கு இதில் தீராத மனக்குறை.

ஏனென்றால் ஓடப் பிறந்த நாய்கள் எங்கள் கரிசலில் இருக்கின்றன. மேற்கே ராஜபாளையம் நாய்: பால்வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு. 2005-ல் அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு இந்திய நாயினத் தபால்தலைகளில் அதற்கும் ஒன்று. எங்கள் பக்கம் சிப்பிப்பாறையும் கன்னியும்: ஒட்டிய வயிறு, நீண்ட மூஞ்சி, சாட்டை வால். மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி முயல் விரட்டுகிறவை. அறுப்பு முடிந்த காட்டில் சிப்பிப்பாறை ஓடும்போது நான்கு காலும் தரையை விட்டு எழும்பும் கணத்தைக் கண்டவர்களுக்குத் தெரியும், கேமராவுக்கு இதைவிட நல்ல தீனி இல்லை. நாய்களையும் தமிழ் சினிமாவையும் ஒரே ஈடுபாட்டோடு ஆராய்ந்து எழுதியவர் சு. தியடோர் பாஸ்கரன். அவ்விரண்டும் ஒருவர் மேசையில் சந்தித்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

கருப்பி அந்த ஓட்டத்தைத் திரைக்குக் கொண்டுவந்தாள். படத்தின் தொடக்கத்தில் வேட்டைக்குப் போன இளைஞர்களோடு நாய்கள் கூட வருகிற நேரம், தமிழில் நாய் நாயாகவே இருந்த அபூர்வமான பொழுது. சற்று நேரம்தான். அதற்குள் சாதி அவளைத் தண்டவாளத்தில் கட்டிவிடுகிறது. அந்தக் கதைக்கு அந்தச் சாவு வேண்டியிருந்தது, அதை நான் குறை சொல்லவில்லை. கருப்பிக்கு நேர்ந்தது தனக்கும் நேரும் என்று நாயகன் பரியனுக்குத் தெரிகிறது. டெடியின் தண்டவாளத்தைப் பார்த்துச் சிரிக்க முடிந்தது, ஏனென்றால் அங்கே கட்டியவன் விளையாட்டு வில்லன்.

கருப்பியாக நடித்த நாய் 2024 தீபாவளியன்று இறந்தது. வெடிச்சத்தத்துக்கு மிரண்டு சாலைக்கு ஓடியபோது வண்டி மோதிவிட்டது. நாட்டின் பட்டாசில் பெரும்பகுதி சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை ஆலைகளில் செய்யப்படுகிறது. மருந்து செலுத்துகிற கைகள் எங்கள் வீட்டுக் கைகள், அந்தக் கூலியில்தான் உலை கொதிக்கிறது. மனிதக் காது ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். நாயின் காதுக்கு அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேலும் எட்டும். எங்கள் தெருவில் தீபாவளி இரவில் கட்டிலுக்கடியில் ஒண்டுகிற நாய்களை வருஷா வருஷம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

அந்தச் செய்தி வந்த இரவு ‘தி ஸ்கேர்குரோ’வைப் போட்டுப் பார்த்தேன். சத்தமில்லாத படம். மதில்மேல் லூக் ஓடிக்கொண்டிருந்தது.