மெலிவும் வேகமும்

விளையாட்டுக்கென்று தயாரிக்கப்படும் மடிக்கணினிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முற்படுகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே முறையைத்தான் கைக்கொள்ளுகிறார்கள். முதலில் கிராஃபிக்ஸ் சிப்பின் பெயரைப் பார்க்கிறார்கள். அதே பெயர் தாங்கிய இரண்டு மூன்று மாடல்களை எதிரெதிரே வைக்கிறார்கள். பிறகு, பெயர் ஒன்றாயிருப்பதனால் வேகமும் ஒன்றாகவே இருக்குமென்று நம்பி, அழகும் மெலிவும் எதில் மனத்துக்கு உகந்திருக்கின்றனவோ அதையே வாங்கிவிடுகிறார்கள். வேகத்தையும் வடிவமைப்பையும் தனித்தனியே நிறுத்துப் பார்க்கும் இந்த முறை மேசைக் கணினிக்குப் பெரும்பாலும் பொருந்தும். மடிக்கணினிக்கு அது பொருந்தாது என்பதே என் அபிப்பிராயம். ஏனெனில், இங்கே உடலின் அமைப்புத்தான் வேகத்துக்குக் காரணமாகவும் எல்லையாகவும் நிற்கிறது.

சிப் உட்கொள்ளும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் முடிவில் உஷ்ணமாகவே வெளிப்படுகிறது. கிராஃபிக்ஸ் சிப்புக்கு 140 வாட்டும் பிராசசருக்கு 50, 60 வாட்டும் கொடுக்கப்படும்போது, இரண்டரை சென்டிமீட்டர் கனமுள்ள ஒரு பெட்டிக்குள்ளிருந்து ஏறத்தாழ 200 வாட் வெப்பத்தை, விரல்கள் தங்கியிருக்கும் கீபோர்டு சுடாமலும், காதுக்கு இரைச்சல் தாங்கமுடியாததாகாமலும், மணிக்கணக்கில் இடைவிடாது வெளியேற்றியாக வேண்டும். அதைச் செய்பவை செப்புக் குழாய்களும், நெருக்கமாக அடுக்கிய மெல்லிய தகடுகளும், இரண்டு மூன்று ஃபேன்களுமே. அவை யாவும் இடத்தைக் கேட்பவை. பெட்டியின் கனத்தைக் குறைத்தால் ஃபேனின் இறக்கை குட்டையாகிறது. குட்டையான இறக்கை அதே அளவு காற்றைத் தள்ளவேண்டுமானால் இன்னும் விரைந்து சுழல வேண்டியிருக்கிறது. அந்த விரைவு கீச்சென்ற ஓசையாகக் காதை எட்டுகிறது. ஆகவே ஒரு மில்லிமீட்டரைக் குறைப்பது என்று செய்யப்படும் நிர்ணயம், எவ்வளவு சௌந்தரிய உணர்ச்சியோடு செய்யப்பட்டாலும், வாட்டைக் குறைக்கும் நிர்ணயமாகவோ இரைச்சலைக் கூட்டும் நிர்ணயமாகவோதான் வந்து முடிகிறது.

மெலிவின்மீது இத்துறைக்கு ஏற்பட்ட மோகம் நேற்றுத் தோன்றியதன்று. 2013-இல் ரேசர் நிறுவனம் வெளியிட்ட 14 அங்குல பிளேட், 17 மில்லிமீட்டருக்கும் குறைந்த கனத்தில், கண்டவர் வியக்கும் அலுமினிய நேர்த்தியோடு வந்தது. ஆனால் அந்த மூடியைத் திறந்தவர்களுக்கு, 1600-க்கு 900 என்ற அளவில், சற்றே சாய்ந்து பார்த்தாலும் நிறம் மங்கிவிடும் ஒரு திரைதான் கிடைத்தது. 2017-இல் கிராஃபிக்ஸ் சிப் நிறுவனமான என்விடியா, சிப்பைக் குறைந்த வாட்டில் ஓட்டி மெல்லிய உடலில் அடக்கும் தன் மேக்ஸ்-கியூ திட்டத்தை அறிவித்தபோது அதனோடு வெளிவந்த ஆசுஸின் ஸெஃபைரஸ் ஜிஎக்ஸ்501, 17.9 மில்லிமீட்டர் கனத்துக்குள் ஜிடிஎக்ஸ் 1080 சிப்பை அடக்கிக் காட்டிற்று. மூடியைத் தூக்கினால் அடித்தகடு தாழ்ந்து காற்று நுழைய வழிவிட்டது. கீபோர்டு முன் விளிம்புக்கு நகர்ந்தது. டச்பேட் அதன் வலப்புறத்தில் போய் நின்றது. வெப்பம் எழும் பகுதியிலிருந்து கைகளை விலக்கி வைத்த அந்த யுக்தி மெச்சத்தக்கது. ஆயினும் மணிக்கட்டை ஊன்ற இடமில்லாமற்போய், அதற்கென ஒரு ரப்பர்ப் பட்டையைத் தனியே முன்னால் வைத்துக்கொள்ள நேர்ந்ததையும், மடியில் வைத்துத் தட்டச்சு செய்வது பெரும் சிரமமாயிற்று என்பதையும் மறந்துவிட முடியாது.

இவ்விடத்தில் மேக்ஸ்-கியூவுக்குரிய நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். சிப்பின் வேகத்தை உயர்த்த வேண்டுமானால் மின்னழுத்தத்தையும் உயர்த்த வேண்டும். மின்செலவோ அழுத்தத்தின் வர்க்கத்தை ஒட்டிப் பெருகுவது. ஆதலால் உச்சத்துக்கு அண்மையிலுள்ள கடைசிச் சிறு வேகந்தான் மிகுந்த வாட்டை விழுங்குகிறது. மேசைக் கணினியில் 180 வாட் கேட்ட ஜிடிஎக்ஸ் 1080-ஐ 90 முதல் 110 வாட்டுக்குள் கட்டுப்படுத்தியபோது, மின்சாரம் பாதியளவுக்குக் குறைந்தும் வேகம் பாதியாகிவிடவில்லை. அதைவிட வெகுவாக மிஞ்சியே நின்றது. ஒரு பொறியியல் கொள்கை என்ற முறையில் இதில் குறைகாண இடமில்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. மேக்ஸ்-கியூ என்ற சொல் சிப்பின் பெயரோடு ஒட்டியிருந்த வரையில், இது அடக்கி ஓட்டப்படும் சிப் என்று வாங்குபவர் அறிந்துகொள்ளவாவது வழியிருந்தது. 2021-இல் ஆர்டிஎக்ஸ் 30 வரிசை மடிக்கணினிகளுக்கு வந்தபோது அந்த அடைமொழி நீக்கப்பட்டு, 80 வாட்டில் ஓடும் 3080-உம் 150 வாட்டில் ஓடும் 3080-உம் ஒரே பெயரில் விற்கப்படலாயின. கண்டனம் எழுந்த பின்னரே, வேக அளவுகளைத் தங்கள் தயாரிப்புப் பக்கங்களில் வெளியிட வேண்டுமென்று என்விடியா மடிக்கணினி நிறுவனங்களைப் பணித்தது. அடுத்த தலைமுறையில் இந்தக் குழப்பம் இன்னும் வளர்ந்தது. மேசைக் கணினியின் ஆர்டிஎக்ஸ் 4090-இல் 16,384 கணிப்புக் கோர்களும் 450 வாட்டும் உண்டு. அதே எண்ணைத் தாங்கிய மடிக்கணினிச் சிப்பில் உள்ளவை 9,728 கோர்களே, வாட்டும் அதன் பாதிக்கும் குறைவு. ஆர்டிஎக்ஸ் 4060, 4070 ஆகிய இரண்டுக்கும் அதிகாரபூர்வமாக வகுக்கப்பட்ட எல்லை 35 வாட்டிலிருந்து 115 வாட் வரையில். கீழ்க்கோடியில் ஓடும் 4070, மேற்கோடியில் ஓடும் 4060-க்குப் பின்தங்கிப் போகும். பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டிய எண் வாட் எண்ணே என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். பல கடைகளின் விவரச் சீட்டில் அதைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

இரண்டு மாடல்களை எடுத்துக்கொண்டால் விஷயம் பிரத்தியட்சமாகும். 2024-ஆம் ஆண்டின் ஸெஃபைரஸ் ஜி14 ஒன்றரைக் கிலோ எடையும், 120 ஹெர்ட்ஸ் ஓலெட் திரையும் உடையது. அதில் 4070-க்கு 90 வாட் வரை கிடைக்கிறது. லெனோவோவின் லீஜியன் புரோ 5 ஏறக்குறைய இரண்டரைக் கிலோ. அதே சிப்புக்கு, 115 வாட் எல்லைக்குமேல் தேவைப்படும்போது தரப்படும் கூடுதலையும் சேர்த்து, 140 வாட் வரை அளிக்கிறது. கூடவே கனத்த சார்ஜரையும் சுமக்கச் செய்கிறது. காகிதத்தில் 50 வாட் வித்தியாசம் பெரிதாகத் தோன்றும். ஆனால் இந்தக் குறிப்பிட்ட சிப், பல விளையாட்டுகளில், 100 வாட்டைச் சற்றே தாண்டியதும் மின்னழுத்த எல்லையில் முட்டி நின்றுவிடுகிறது. மேலும் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வதில்லை. ஆகையால் 4070-ஐப் பொறுத்தமட்டில் லீஜியனின் உயர்வு அந்த எண்ணைவிட அதன் உடலமைப்பில்தான் அதிகம் தங்கியிருக்கிறது. திரையின் கீல் சற்று முன்னே தள்ளி அமைந்திருப்பதால் பின்புறம் ஒரு மேடை நீண்டு நிற்கிறது. பார்வைக்கு அது சோபிக்கவில்லைதான். எனினும் வெப்பக் காற்று அதன் வழியே பின்னே போய்விடுகிறது. சார்ஜரும் எச்டிஎம்ஐ கேபிளும் அங்கேயே செருகப்படுவதால் மவுஸ் பிடிக்கும் கைக்குப் பக்கவாட்டில் தடையில்லை. எந்த அட்டவணையிலும் இடம்பெறாத இப்படிப்பட்ட சௌகரியங்களையே நல்ல வடிவமைப்பு என்று நான் மதிக்கிறேன்.

அலங்காரம் என்பதே கூடாது என்று வாதிப்பது என் நோக்கமன்று. ஆயினும் 2020-இல் வந்த முதல் ஜி14-ஐ நினைக்கையில் ஒரு வருத்தம் எழவே செய்கிறது. அதன் மூடியில் 6,536 நுண்துளைகளிட்டு, 1,215 சிறு எல்இடி விளக்குகளைப் பதித்து, உருவங்களை ஓடவிடும் ஒரு வகையும் விற்கப்பட்டது. அந்த விளக்குகள் இல்லாத வகையின் கனம் 17.9 மில்லிமீட்டர், உள்ளதன் கனம் 19.9. ஃபேனுக்கும் வெப்பத் தகட்டுக்கும் கிடைக்காத இரண்டு மில்லிமீட்டர், உட்கார்ந்து விளையாடுபவர் தாமே பார்க்க முடியாத முதுகுப்புற ஒளிக்குக் கிடைத்துவிட்டது. அதே கணினியில் கேமரா இல்லை என்பதையும் சேர்த்து எண்ணினால், முன்னுரிமைகள் எவ்வளவு பிசகியிருந்தன என்பது விளங்கும்.

ஆராய்ந்து வாங்குகிறவர்கள் நம்பியிருப்பது விமர்சகர்கள் அளந்து தரும் எண்களை. பெயரை மட்டும் நம்புவதைவிட இது எவ்வளவோ மேலான வழி. ஒரே விளையாட்டை ஒரே அமைப்பில் ஓட்டி ஒப்பிடுவதால், விளம்பரத்தின் மிகைப்படுத்தல் அங்கே எடுபடுவதில்லை. ஆனால் அந்த எண்கள் பெரும்பாலும் குளிர்ந்த அறையில், சார்ஜர் செருகிய நிலையில், ஃபேன் முழுவேகத்தில் சுழலும்போது எடுக்கப்பட்டவை. சித்திரை வைகாசியில், ஏசி இல்லாத சென்னை அறையொன்றில், உள்ளே இழுக்கப்படும் காற்றே 34, 35 டிகிரியாக இருக்கும். 23 டிகிரி அறையில் எல்லைக்குச் சற்றுக் கீழே நின்ற சிப் இங்கே எல்லையைத் தொட்டு, தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கனத்த உடலில் அதற்குக் கொஞ்சம் மிச்ச இடம் உண்டு. மெல்லிய உடலில் அது முதலிலேயே செலவழிக்கப்பட்டுவிடுகிறது. சார்ஜரைக் கழற்றினால் இரண்டும் வேகம் தளர்ந்து ஏறக்குறைய ஒரே தரத்துக்கு இறங்கிவிடுகின்றன என்பதால், ரயிலில் விளையாடலாம் என்ற எண்ணத்தோடு மெல்லியதை வாங்குவதும் பிரயோஜனமற்றது. அதன் மெய்யான பயன், பகலில் வகுப்புக்கும் வேலைக்கும் தூக்கிச் செல்லும் கணினியே இரவில் மேசைமேல் விளையாட்டுக்கும் உதவுவது. அத்தகைய வாழ்க்கை உள்ளவருக்கு ஜி14-ஐவிடச் சிறந்ததை நான் சுலபமாகச் சொல்லிவிட முடியாது.

அவ்வாறு சொல்லும்போதும் ஒரு நிபந்தனை விதிக்க வேண்டியிருக்கிறது. 2024-இன் ஜி14-இல் ரேம் போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டது. லீஜியனில் அது கழற்றி மாற்றத்தக்க இரண்டு ஸ்லாட்டுகளில் இருக்கிறது. மெலிவுக்காகக் கொடுக்கப்படும் விலைகளில் மிகக் கொடியது இதுவே. வேகக் குறைவை முதல் வாரத்திலேயே கண்டுகொள்ளலாம், ரேம் போதாமை மூன்று ஆண்டுகள் கழித்து, வேறு வழியில்லாத நேரத்தில்தான் தெரியவருகிறது. ஆகையால் ஜி14-ஐ விரும்புகிறவர் முதல் நாளே 32 ஜிபி உள்ளதைக் கேட்டு வாங்க வேண்டும். 16 ஜிபிதான் இருக்கிறது என்று கடைக்காரர் சொல்வாரானால், ஒரு கிலோ அதிகமாகச் சுமக்க நேர்ந்தாலும் லீஜியனையே எடுத்துக்கொள்ளட்டும்.