வேன் போகலாம், ஊர் இருக்கக் கூடாது

2023இல் 'தி எலிபன்ட் விஸ்பரர்ஸ்' ஆவணப்படம் ஆஸ்கர் வாங்கியபின், அது படமான முதுமலை தெப்பக்காடு யானை முகாமில் கூட்டம் பெருகியது. கூடவே ஒரு வாதமும் பெருகியது: சுற்றுலா வளர்ந்தால் பழங்குடிகளுக்கு வேலை, வேலை இருந்தால் காடு பிழைக்கும். வனத்துறையும் ரிசார்ட்காரர்களும் ஒத்த குரலில் பேசுவது அபூர்வம், இதில் பேசுகிறார்கள்.

உண்மை இல்லாமல் இல்லை. விருதுக்குப் பிறகு தமிழ்நாட்டு யானை முகாம்களின் பணியாளர்கள் 91 பேருக்குத் தலா ஒரு லட்சமும், வீடு கட்ட 9.10 கோடியும் அரசு அறிவித்தது. கேரளத்தின் தேக்கடியில் வயணப்பட்டை (காட்டு இலவங்கப்பட்டை) திருடியவர்கள் வழிகாட்டிகளாகி, காட்டையும் காக்கிறார்கள். படமும் நல்ல படம்தான்.

ஆனால் சாயங்காலம் முகாமில் போய் நின்று பாருங்கள். களியும் சோறும் கொள்ளும் வெல்லமும் சேர்த்துப் பிடித்த கவளத்தைப் பாகன் யானையின் வாயில் ஊட்டுகிறார். தடுப்புக்கு இந்தப் பக்கம் செல்போன்கள் உயர்கின்றன. டிக்கெட் எவ்வளவு, வேன் எந்தப் பாதையில் போகும், ஒரு நாளைக்கு எத்தனை பேர் வரலாம் என்பதையெல்லாம் துறை முடிவுசெய்கிறது. பாகன் சம்பளக்காரர், காட்சிப்பொருளும்கூட. கேட்டால் 'பங்கேற்பு' என்பார்கள்.

என் பழைய சண்டை இதைவிட அடிப்படையானது. 2007இல் முதுமலையின் 321 சதுர கிலோமீட்டர், புலிகளுக்காக மனிதர் தொந்தரவு இருக்கக் கூடாத மையப் பகுதி ஆனது. பென்னை, நெல்லிக்கரை போன்ற ஊர்களின் குடும்பங்கள் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்ற கணக்கில் வெளியேறின. அந்தப் பணத்தில் தரகர்கள் கைவைத்த புகார்கள் தனிக்கதை. மையப் பகுதியில் 20 விழுக்காடு வரை சுற்றுலாவுக்குத் திறந்துவிடலாம் என்கின்றன தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் 2012 நெறிமுறைகள். அதே ஆணையம் 2024 ஜூனில் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது: 54 காப்பகங்களின் மையப் பகுதிகளில் 591 ஊர்கள், 64,801 குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன, இடமாற்றத்தை விரைவுபடுத்துங்கள்.

தேன் எடுக்கப் போகும் காட்டுநாயக்கர் பழங்குடியினர் புலிக்குத் தொந்தரவாம். டீசல் வேனில் போகும் குடும்பம் தொந்தரவில்லையாம். இதற்கு அறிவியல் விளக்கம் யாராவது சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். இதுவரை கேட்டதெல்லாம் வருமானக் கணக்கு. வெளியேற்றும் முன் சேர்ந்து வாழ வழியில்லை என நிறுவ வேண்டும், கிராம சபை ஒப்ப வேண்டும் என்கிறது 2006 வன உரிமைச் சட்டம். சஃபாரி பாதை போட எந்தக் கிராம சபையைக் கேட்டார்கள்?

உரிமை கொடுத்தால் காடு அழியும் என்பவர்கள் கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலைக்குப் போகட்டும். அங்கே 2011இல் சோளகர் பழங்குடிகளுக்குச் சமூக வன உரிமை கிடைத்தது. புலி ஒன்றும் ஓடிவிடவில்லை. ஆனால் சுற்றுலா என்று வந்தால், அங்கும் காட்டுக்குள் இருக்கும் கே.குடி விடுதியை நடத்துவது சோளகர்கள் அல்ல, கர்நாடக அரசு நிறுவனமே.

தமிழ்நாட்டின் கதை இன்னும் மோசம். 2008இல் வந்த உயர் நீதிமன்ற உத்தரவால் வன உரிமைப் பட்டா கொடுப்பது 2016 வரை முடங்கிக் கிடந்தது. அந்த எட்டு ஆண்டுகளில் முதுமலையின் சஃபாரி வேனைப் பெரும்பாலும் நிறுத்தியவை, 2012இல் உச்ச நீதிமன்றம் போட்ட ஏறக்குறைய மூன்று மாத இடைக்காலத் தடையும் கோடைக் காட்டுத்தீயும்தான்.