தி ரீசன்ட் ஸ்கீமர் (நூல்): விமர்சனம்

'தி ரீசன்ட் ஸ்கீமர்' தருக்க நிரலாக்கத்தைக் கேள்வி-பதில் வடிவில் கற்பிக்கும் பாடநூல். டேனியல் ஃப்ரீட்மன், வில்லியம் பேர்ட், ஒலெக் கிசெல்யோவ் ஆகியோர் எழுதிய இந்நூலை எம்.ஐ.டி. பதிப்பகம் 2005-ல் வெளியிட்டது. ஜேசன் ஹெமன் இணைந்த இரண்டாம் பதிப்பு 2018-ல் வந்தது. ப்ரோலாக் போலத் தனி மொழியாக இல்லாமல், ஸ்கீம் மொழிக்குள்ளேயே இயங்கும் மினிகான்ரென் என்னும் சிறுமொழியை நூல் அறிமுகப்படுத்துகிறது.

நிறை

தன்னையே மீண்டும் அழைக்கும் இலக்கு எண்ணற்ற விடைகளைத் தரலாம். ப்ரோலாக்கில் ஒரு கிளை முடிவின்றி ஓடினால் அடுத்த கிளைக்கு முறை வராது. மினிகான்ரென் கிளைகளை மாறி மாறித் தேடுகிறது. பயனர் வேண்டிய எண்ணிக்கையில் விடைகளைக் கேட்டுப் பெறலாம். முதல் பதிப்பில் இதற்குத் தனிக் கட்டளை இருந்தது. இரண்டாம் பதிப்பில் இதுவே இயல்பான முறையானது.

குறை

மூலனூர்–தாராபுரம், தாராபுரம்–காங்கேயம், காங்கேயம்–திருப்பூர் ஆகிய மூன்று சாலைகளை மட்டும், இரு திசையிலும் செல்லத்தக்கவையாக, நிரலில் கொடுப்போம். மூலனூரிலிருந்து எந்த ஊர்களுக்குச் செல்லலாம் என்று கேட்டால், திரும்பி வருவதையும் சேர்த்து விடை நான்கு ஊர்களே. ஆனால் போய்த் திரும்பும் வழிகளுக்கு முடிவில்லை. எனவே மினிகான்ரென் அதே ஊர்களைத் திரும்பத் திரும்பத் தரும். பத்து விடை கேட்டால் பத்து கிடைக்கும்; புதிய ஊர் இனி உண்டா என்பது தெரியாது. எல்லா விடைகளையும் கேட்டால் நிரல் நிற்காது.

மாறாக, ஊர்களை அல்லாமல் வழித்தடங்களைக் கேட்டால் விடைகள் உண்மையிலேயே முடிவற்றவை. அங்கே எண்ணிக்கை வைத்துக் கேட்பதே சரியான வழி. விடைகளே முடிவற்றிருப்பதும், தேடல் மட்டும் முடியாதிருப்பதும் வேறு வேறு. இரண்டுக்கும் நூல் ஒரே மருந்தைத் தருகிறது.

மாற்று வழி

கண்ட விடைகளைக் குறித்துவைத்து, புதியது வராதபோது நிறுத்துவது அட்டவணையிடல். சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற ரகு ராமகிருஷ்ணன், எஸ். சுதர்சன் இருவரும் திவேஷ் ஸ்ரீவஸ்தவாவுடன் விஸ்கான்சினில் உருவாக்கிய கோரல் அமைப்பும் (1992), வேறு வழியில், மீண்டும் வரும் விடைகளை நீக்கியே இத்தகைய கேள்விகளை முடித்துவைக்கிறது. மினிகான்ரெனுக்கான அட்டவணையிடலைப் பேர்ட் தமது 2009 முனைவர் பட்ட ஆய்வேட்டில் விளக்கியிருக்கிறார். ஆனால் 2018 பதிப்பின் பாடங்களில் அது இடம்பெறவில்லை.

மதிப்பீடு

விடைகளை வரிசையாகப் பெறுவதைக் கற்பிப்பதில் சிறந்த நூல். விடைகள் தீர்ந்துவிட்டன என்று அறிவதற்கு வாசகர் வேறு நூலை நாட வேண்டும்.