இசைத்தட்டும் உரிமையும்: ஏ. வி. மெய்யப்பர் பற்றிய ஒரு நோக்கு

மாவனல்லையை அண்டிய தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ் மக்களுக்குப் பாட்டு ஏட்டின் வழி வந்ததைக் காட்டிலும் செவிவழி வந்ததே மிகுதி. காமன்கூத்தும் தாலாட்டும் அவர்கள் தம்மோடு கொண்டுவந்தவை. அவற்றுக்கு உரிமையாளர் எவருமிலர். பின்னர் இசைத்தட்டும் வானொலியும் திரைப்படமும் கொணர்ந்த பாட்டுக்களோ விலை குறிக்கப்பட்டவை. எந்தப் பாட்டு எவர் குரலில் ஒலிக்க வேண்டும் என்பதை வேறெங்கோ இருந்த வணிகர் சிலர் தீர்மானித்தனர். அவர்களுள் ஒருவர் காரைக்குடி ஏ. வி. மெய்யப்பர் (1907–1979).

மெய்யப்பரைப் படப்பிடிப்பு நிலையம் நிறுவியவராகவே பலரும் அறிவர். அவருடைய இசைத்தட்டு வணிகத்தை அதற்கொரு முன்னுரையாகக் கொண்டு விரைந்து கடந்துவிடுவது வழக்கம். அது பொருந்தாது. அவருடைய படங்களை ஆக்கியது இசைத்தட்டு வணிகரின் செவியே எனலாம்.

காரைக்குடிக் கடையில் இசைத்தட்டு விற்கத் தொடங்கிய அவர், சென்னை மௌண்ட் றோட்டில் பங்காளிகளுடன் சரஸ்வதி ஸ்டோர்ஸை அமைத்தார். பிறர் பதித்ததை விற்பதோடு அமையாது, பாடகரைத் தாமே தெரிந்தெடுத்து, ஒடியன் என்னும் ஜெர்மனிய முத்திரையின்கீழ் இசைத்தட்டுக்களை வெளியிடலானார். இதனைச் சுதேச முயற்சியின் வெற்றியென முழங்குவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். 1931இல் உருவான ஈ.எம்.ஐ. என்னும் ஆங்கிலக் கூட்டு நிறுவனத்துள் ஒடியனும் அடங்கியிருந்தது. மெய்யப்பரின் சுதந்திரம் தெரிவுச் சுதந்திரமேயன்றி உற்பத்திச் சுதந்திரமன்று. எனினும் அத்தெரிவு சிறிதன்று. தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும். அதற்குள் கேட்போரைப் பிணிக்கவல்ல குரல் எது என்று அறியும் பயிற்சியை அவர் அங்கேதான் பெற்றார்.

1935இல் வெளிவந்த 'அல்லி அர்ஜுனா' தோல்வியுற்றது. அதுபற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1938இன் 'நந்தகுமார்' படத்தில் திரையில் தோன்றாத லலிதா வெங்கட்ராமனின் குரல் பயன்பட்டது. 1945இல் 'ஸ்ரீவள்ளி'யில் கதாநாயகி ருக்மிணி பாடியவை நிறைவளிக்காமையால், பி. ஏ. பெரியநாயகியின் குரல் பதித்துச் சேர்க்கப்பட்டது. உடலையும் குரலையும் வேறாக்கும் இம்முறை நாடகமேடையினருக்கு எளிதில் தோன்றியிராது. பாடகரின் முகத்தைக் காணாமல் பாட்டை விற்றுப் பழகியவருக்கு அது இயல்பாயிற்று.

இதே பழக்கத்தின் மறுபுறமே பாட்டை உடைமையாகக் கொள்ளுதல். பாரதி பாடல்களின் ஒலிப்பதிவுரிமை முன்னரே ஜேசிங்லால் மேத்தா என்னும் இசைத்தட்டு வணிகர் கையில் இருந்தது. அதனை மெய்யப்பர் விலைகொடுத்து வாங்கினார். 1947இல் 'நாம் இருவர்' படத்தில் டி. கே. பட்டம்மாள் பாடிய பாரதி பாடல்கள் ஊரெங்கும் பரவின. பாரதியைப் படியாதவர் நாவிலும் பாரதி குடியேறினார். இதனை எவரும் மறுத்தல் இயலாது. ஆயின் அவரைப் பரப்பிய கையே அவரைப் பூட்டியும் வைத்தது. 1948இல் டி. கே. எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாடல் இடம்பெற்றபோது உரிமைப் பிணக்கு எழுந்தது. வ. ரா., நாரண துரைக்கண்ணன், டி. கே. சண்முகம் முதலானோர் பாரதியை விடுவிக்கக் குரலெழுப்பினர். ஈற்றில் 1949இல் சென்னை அரசாங்கம் பாரதி நூல்களின் உரிமையை ஏற்றது. மெய்யப்பரும் தம்மிடமிருந்த உரிமையை விலை பெறாது கையளித்தார்.

இச்செயலை வள்ளன்மை என்று மட்டும் போற்றுதல் திறனாய்வாகாது. பொதுமக்கள் இயக்கம் எழுந்திராவிடின் அவ்வுரிமை எந்நாள் விடுபட்டிருக்கும் என்னும் வினா எஞ்சி நிற்கின்றது. அவரை வெறும் இலாபநோக்கினர் என்று தள்ளுவதும் நேர்மையன்று. விலை கேட்டிருக்கக்கூடியவர் கேட்கவில்லை. பீஜித்தீவின் கரும்புத் தோட்டங்களில் துன்புற்ற இந்துப் பெண்களைப் பற்றிப் பாரதி பாடியதும் இதே உரிமைப் பத்திரத்துள் அடங்கியிருந்தது. அவர்களைப் போலவே கடல் கடந்து கூலிகளாய்ச் சென்றோரின் மரபினர் மாவனல்லைத் தோட்டத்து லயங்களில் அந்தப் பாட்டைத் தம் பாட்டாகப் பாடலாம். ஆனால் 1949க்கு முன் அதனை ஓர் இசைத்தட்டிற் பதிக்க விரும்பியிருந்தால், முதலிற் சென்னையில் ஒரு வணிகரிடம் அனுமதி கேட்டிருக்க வேண்டும்.