‘காட்டிலுள்ள கிராமம்’: நம்பிக்கையும் கடனும்

லெனார்ட் வூல்ஃப் 1913 இல் வெளியிட்ட ‘காட்டிலுள்ள கிராமம்’ என்ற ஆங்கில நாவலை மேலோட்டமாக வாசிப்போர் ஒரு முடிவுக்கு வருதல் எளிது. பேய்க்கும் செய்வினைக்கும் அஞ்சிய மக்கள் தம் அறியாமையினாலேயே அழிந்தனர் என்பதே அம்முடிவு. நாவலைக் கூர்ந்து நோக்குமிடத்து அதற்கு இடமில்லை என்பது புலனாகும்.

1904 இல் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்தில் உத்தியோகத்தைத் தொடங்கிய வூல்ஃப், 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தார். வரியும் உப்பும் சேனை அனுமதியும் அவர் பொறுப்பு. நீதவானாக வழக்குகளையும் விசாரித்தார். 1912 இல் பதவியைத் துறந்த பின்னரே நாவல் வெளிவந்தது. தாம் செலுத்திய அதிகாரம் ஏழையின் குடிசைக்குள் எந்த வடிவில் போய்ச் சேர்ந்தது என்பதை எழுதத் துணிந்த அந்நிய அதிகாரிகள் மிகச் சிலரே.

நாவலின் களம் பெத்தேகம என்னும் வறண்ட காட்டுக் குக்கிராமம். வேட்டைக்காரன் சிலிந்துவின் இளைய மகள் ஹின்னிஹாமியைக் கிராமத்து வெதராளை புஞ்சிராளை விரும்புகிறான். தந்தை மறுக்கிறான். பேயை ஏவிவிடுவதாக வெதராளை மிரட்டுகிறான், சிலிந்து நோயுறுகிறான். பரிகாரம் தேடிப் பெரகம தேவாலயத்துக்கு நடக்கிறார்கள். கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை செய்த நம்மவருக்கு அந்த வழியும் நெரிசலும் அந்நியமாகத் தோன்றா. அங்கே ஒரு சந்நியாசி, பெண்ணைக் கொடுத்தாலன்றிப் பேய் விலகாது என்கிறான். தந்தையின் உயிருக்காக அவள் தன்னைக் கொடுக்கிறாள். பின் வெதராளையை விட்டு வந்துவிடுகிறாள். தன் குழந்தையோடு ஒரு மான்கன்றுக்கும் பாலூட்டி வளர்க்கிறாள். மழை பொய்த்துப் பயிர் கருகியபோது, அவளும் மானுமே காரணம் என்ற பேச்சைப் பரப்புபவனும் அதே வெதராளைதான். ஊரார் மானைக் கல்லால் அடிக்கிறார்கள். மானைத் தொடர்ந்து அவளும் மடிகிறாள்.

கல்லெறிந்த கைகளை மட்டும் பார்ப்பவர்கள் மூடநம்பிக்கை என்று சொல்லி நின்றுவிடுவர். அச்சம் ஊரார் அனைவருக்கும் பொது. அதன் பலன் ஒருவனுக்கு மட்டுமே உரியது என்பதை நாவல் மறைக்கவில்லை. பசித்த வயிறும் ஓராண்டு மழையை நம்பிய சேனையும் இல்லாதிருந்தால், புஞ்சிராளையின் சொல் அத்துணை விரைவில் பற்றியிருக்குமா என்று நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

சரி, புதுமை இக்கிராமத்துக்கு எவ்வாறு வருகிறது? பள்ளிக்கூடமாகவோ வைத்தியசாலையாகவோ அன்று. அனுமதிப் பத்திரமாகவும் வட்டிக் குரக்கனாகவும் வழக்காகவும் வருகிறது. முடிக்குரிய காட்டில் சேனை வெட்டத் தலைமைக்காரன் பபெஹாமியின் தயவு வேண்டும். அவனுடைய மைத்துனன் பாபுன், சிலிந்துவின் மூத்த மகள் புஞ்சி மெனிக்காவை மணந்ததால் அத்தயவு பகையாகிறது. பட்டினத்திலிருந்து வரும் கடன் வியாபாரி பெர்னாண்டோ அவளை இச்சிக்க, தலைமைக்காரன் துணை நிற்கிறான். பாபுன்மேல் பொய்த் திருட்டு வழக்கு எழுகிறது.

அந்த நீதிமன்றக் காட்சியே நாவலின் உச்சம் என நாம் கருதுகிறோம். வழக்கு அந்நிய மொழியில் நடக்கிறது. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யலாம் என்று சொல்லப்பட்டபோது பாபுன் திகைத்து நிற்கிறான். என்ன கேட்பது, ஏன் கேட்பது என்பதே அவனுக்கு விளங்கவில்லை. மந்திரவாதியின் உச்சாடனமும் துரையின் சட்டமும் அவனுக்கு ஒரே தன்மையன. இரண்டும் புரியாதவை, இரண்டையும் ஏவத் தெரிந்தவர்கள் ஊரில் இருக்கிறார்கள். பாபுன் சிறையிலேயே இறக்கிறான். சிலிந்து, துரத்தப்பட்ட விலங்கு திரும்பிப் பாய்வது போல், தலைமைக்காரனையும் வியாபாரியையும் துவக்கால் சுட்டுவிட்டுத் தானே சென்று சரணடைகிறான்.

இத்துணை கண்ட வூல்ஃப் இறுதியில் தடுமாறுகிறார். காட்டையே தீய சக்தியாக உருவகிக்கும் அவரது வருணனை வலிமையானது, அவ்வலிமையே குறையுமாகிறது. கடன் கொடுத்தவன் யார், பத்திரத்தை மறுத்தவன் யார் என்று நூற்றுக்கணக்கான பக்கங்களில் காட்டிவிட்டுக் கிராமத்தைக் காடு விழுங்கியதாக முடிக்கிறார். குற்றவாளி இயற்கையாகிவிடுகிறது. சந்தேகம் கொண்டும் சாட்சியத்தின்படி தண்டிக்கும் நீதவான்மேல் அவருக்குள்ள பரிவும் இத்தகையதே. தம் பழைய நாற்காலியை அவர் முற்றாக விட்டெழவில்லை. ஒருவருக்கொருவர் தோள்கொடுக்கும் விவசாயி ஒருவனைக்கூட இந்நாவலில் காண்பது அரிது. வறண்ட பிரதேசத்துக் கிராமங்களில் மாறிமாறி உடலுழைப்பு வழங்கும் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இது உறுத்தும்.

லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1980 இல் இக்கதையைப் ‘பெத்தேகம’ எனத் திரைப்படமாக்கினார். சிலிந்துவாக ஜோ அபேவிக்கிரம நடித்தார். எழுத்தறியாத சிங்கள விவசாயியின் மனத்துக்குள் புகுந்து எழுத முயன்றவர் ஓர் ஆங்கிலேயர் என்பது நமது எழுத்தாளருக்குச் சற்றுக் கூச்சமளிக்க வேண்டிய செய்தி. வன்னிக் காட்டோரக் கிராமங்களிலும் சேனை இருந்தது, காய்ச்சல் இருந்தது, குரக்கனைக் கடனாய் அளந்த கடைக்காரனும் இருந்தான்.