வாய்க்கால் முந்தியதா, அரசன் முந்தினானா?

நைல், யூப்ரடீஸ் போன்ற ஆறுகளின் கரைகளில் முதல் அரசுகள் ஏன் தோன்றின? இவ்வினாவுக்கு மாணவர்கள் பெரும்பாலும் ஒரே வரியில் விடை எழுதிவிடுவர். பாசன வேலைகளை நடத்த ஒரு தலைமை தேவைப்பட்டது. அத்தலைமையே அரசாயிற்று என்பார்கள். இந்த ஒரு வரிக்குப் பின்னால் பெரிய நூல் ஒன்று நிற்கிறது. ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய கார்ல் விட்ஃபோகெல் 1957இல் வெளியிட்ட ‘கீழ்த்திசைக் கொடுங்கோன்மை’ என்பதே அது. நூலைப் படிக்காதவர்களும் அதன் கருத்தை ஒப்புவிக்கிறார்கள். ஆகவே அதைச் சற்று உரசிப் பார்ப்பது நல்லது.

விட்ஃபோகெல் கூறுவதன் சாரம் இதுதான். மழை குறைந்த நாட்டில் பேராறு ஒன்று ஓடுகிறது. வெள்ளத்தைத் தடுக்கக் கரைகளும், நீரைக் கொண்டுசெல்ல நெடிய வாய்க்கால்களும் வேண்டும். அதற்கு ஆயிரக்கணக்கானோரைத் திரட்ட வேண்டும். சோறு போட வேண்டும். யாருக்கு எப்போது தண்ணீர் என்று கணக்கு வைக்க வேண்டும். திரட்டுகிறவர்களும் கணக்கு வைக்கிறவர்களும் அதிகார வர்க்கமாகிறார்கள். அதன் உச்சியில், எதிர்ப்பார் எவருமற்ற மன்னன் அமர்கிறான்.

கோட்பாட்டில் கவர்ச்சி இருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. ‘நைல் நதியின் நன்கொடை எகிப்து’ என்று பாடி முடித்துக்கொண்டவர்களுக்கு நடுவே, மண்ணை வெட்டியது யார், கூலி கொடுத்தது யார் என்று கேட்டவர் அவர். ஆனால் கேள்வி நன்றாக இருப்பதனால் விடையும் சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை. இயற்பியலில் ஒரு கருதுகோளிடம் நாம் கேட்பது எளிய கேள்வி: நீ சொல்வது உண்மையானால், எது முதலில் வர வேண்டும், எது பின்னால் வர வேண்டும்? காரணம் விளைவுக்குப் பின்னால் வர முடியாதல்லவா? பெரிய வாய்க்கால்களே அரசை ஈன்றன என்றால், அரசுக்கு முன்பே அவை இருந்திருக்க வேண்டும்.

முதலில் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 5 கிலோமீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழமுள்ள வாய்க்காலில் வெட்டி எடுக்க வேண்டிய மண் 10,000 கன மீட்டர். ஒருவர் நாளொன்றுக்கு 2 கன மீட்டர் வெட்டிப் போடுவதாகக் கொண்டால், 100 பேருக்கு இது 50 நாள் வேலை. அதாவது அறுவடை முடிந்து அடுத்த விதைப்பு வரும்வரை உள்ள ஓய்வில், இரண்டு மூன்று ஊர்கள் கூடி முடித்துவிடக்கூடியது. இதற்குச் சக்கரவர்த்தி எதற்கு?

சுமேரியாவின் சான்றுகள் இக்கணக்கோடு ஒத்துப்போகின்றன. ராபர்ட் ஆடம்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் தென் ஈராக்கின் பாழ்நிலங்களில் பல ஆண்டுகள் நடந்து, வானிலிருந்து எடுத்த படங்களின் துணையோடு பழைய ஊர்மேடுகளையும் தூர்ந்த கால்வாய்களையும் ஒன்றொன்றாகக் குறித்தார். 1981இல் அவர் வெளியிட்ட நூலில் அம்முடிவுகள் உள்ளன. கி.மு. 4ஆம் ஆயிரமாண்டின் இறுதியில் ஊருக் பெருநகராகி, எழுத்தும் தோன்றியபோது, ஊர்கள் இயற்கையான ஆற்றுக் கிளைகளை ஒட்டியே அமைந்திருந்தன. அவற்றிலிருந்து பிரிந்தவை சிறு வாய்க்கால்களே. நெடுந்தூரப் பெருங்கால்வாய்கள் பிற்காலத்தவை. அவற்றுள் மிகப் பெரியவை கி.பி. 3 முதல் 7ஆம் நூற்றாண்டு வரை ஆண்ட சசானிய மன்னர்களின் காலத்தைச் சேர்ந்தவை. நகரும் அரசும் வந்தபின் பெருங்கால்வாய் வந்தது. வரிசையே தலைகீழ்!

‘ஆனாலும் பாபிலோனிய மன்னன் வாய்க்கால் விஷயத்தில் தலையிட்டானே’ என்று கேட்கலாம். ஆம், தலையிட்டான். எப்படித் தலையிட்டான் என்பதில்தான் சுவை இருக்கிறது. கி.மு. 18ஆம் நூற்றாண்டில் ஆண்ட ஹமுராபியின் சட்டங்களில் 53, 54ஆம் பிரிவுகளைப் பாருங்கள். தன் கரையைப் பேணாமல் ஒருவன் சோம்பியிருந்து, கரை உடைந்து பிறர் வயல் மூழ்கினால், அழிந்த தானியத்தை அவனே ஈடுசெய்ய வேண்டும். முடியாவிட்டால் அவனையும் அவன் உடைமைகளையும் விற்று, நட்டப்பட்டவர்கள் பகிர்ந்துகொள்ள வேண்டும். கொடிய தண்டனைதான். ஆயினும் கரை யாருடைய பொறுப்பு? வயலுக்குரியவனுடையது. அதே மன்னன் தன் அதிகாரிக்கு எழுதிய கடிதம் ஒன்றில், தமானும் என்ற கால்வாயின் ஓரத்தில் நிலம் வைத்திருப்பவர்களைக் கூட்டி அதைத் தூர்வாரச் செய்யும்படி ஆணையிடுகிறான். ஆணை அரசனுடையது, மண்வெட்டி கரையோரத்தாருடையது. நமது குடிமராமத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

எகிப்தின் நிலை இன்னும் தெளிவானது. அசுவானிலிருந்து கெய்ரோ வரை நைல் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 7, 8 சென்டிமீட்டர்தான் தாழ்கிறது. கோடையின் பிற்பகுதியில் வெள்ளம் பெருகி, இருபுறமும் உள்ள இயற்கைப் பள்ளங்களை நிரப்பும். குறுக்கே வரப்பிட்டு நீரைச் சில வாரங்கள் தேக்கி, வண்டல் படிந்ததும் வடியவிட்டு, ஈர மண்ணில் விதைத்தார்கள். ஒவ்வொரு பள்ளமும் அதற்குரிய ஊர்களின் பாடு. மேல் வட்டாரத்தார் செய்யும் தவறு கீழ் வட்டாரத்தாரை அவ்வளவாகப் பாதிக்காது. எனவே நாடு முழுவதற்கும் ஒரே கட்டளை தேவைப்படவில்லை. பழைய அரசுக் காலத்துப் பதவிப் பெயர்களில் நாடளாவிய பாசனத் துறை ஒன்றைக் காண முடியவில்லை என்று கார்ல் பட்ஸர் 1976இல் சுட்டிக்காட்டினார். நம் ஏற்றத்தைப் போன்ற கருவிகூடப் பிரமிடுகள் எழுந்து ஆயிரம் ஆண்டு கழித்தே அங்கு வருகிறது. மைய அரசு தளர்ந்திருந்த காலத்தில் அசியூத் வட்டாரத் தலைவன் கேத்தி, தான் வாய்க்கால் வெட்டியதைத் தன் கல்லறையில் பெருமையாக எழுதிவைத்தான்.

மன்னர்கள் நீரைக் கவனிக்காமல் இல்லை. ஆண்டுதோறும் வெள்ளம் எத்தனை முழம் உயர்ந்தது என்பதைப் ‘பலெர்மோ கல்’ குறித்து வைத்திருக்கிறது. விளைச்சலை முன்கூட்டி அறிந்தால் வரியை அறியலாம். நீரைப் பங்கிட்டதைவிட, நீர் தந்ததில் பங்கு கேட்டதே அவர்களுக்கு முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது.

‘எவ்வளவு பெரிய வேலை! ஒரு பேரரசு இல்லாமல் முடியுமா?’ என்ற வியப்பே இக்கோட்பாட்டின் பலம். இவ்வியப்பு எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு ஆற்றுவெளிகளுக்கு வெளியே, அண்டை நாடான இலங்கையில் ஒரு சான்று உண்டு. கலாவாவியிலிருந்து அனுராதபுரத்துத் திசாவாவிக்கு நீர் கொண்டுவரும் ஜய கங்கை என்னும் கால்வாய் 80 கிலோமீட்டருக்கும் மேல் நீளமானது. அதன் தொடக்கப் பகுதியின் சரிவு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10 சென்டிமீட்டர்! நோக்குவோர்க்கு இது ஒரே மூளையின் திட்டமாகத்தான் படும். ஆனால் திசாவாவி கி.மு. 3ஆம் நூற்றாண்டினது; கலாவாவி கி.பி. 5ஆம் நூற்றாண்டில் தாதுசேனன் கட்டியது. இடையே எழுநூறு ஆண்டுகளுக்கும் மேல்! மானிடவியலார் எட்மண்ட் லீச் 1959இல் இதைக் காட்டியே விட்ஃபோகெலை மறுத்தார். துண்டு துண்டாகச் சேர்ந்ததை நாம் மொத்தமாகப் பார்த்து மலைக்கிறோம்.

சிந்துவெளியில் கோட்பாடு இன்னும் தடுமாறுகிறது. மொகஞ்சதாரோவில் அரண்மனை என்று உறுதியாகச் சொல்லத்தக்கது எதுவும் இல்லை. அரச கல்லறையும் இல்லை. குடிநீருக்கோ தெருதோறும் கிணறுகள். ஆயினும் 1:2:4 என்ற அளவில் செங்கல், ஊருக்கு ஊர் மாறாத எடைக்கற்கள். ஒழுங்கு இருக்கிறது, கொடுங்கோலனின் தடயம் இல்லை. மறுபக்கம், பாசனப் பெருநாடல்லாத ரஷ்யாவையும் விட்ஃபோகெல் தம் பட்டியலின் ஓரத்தில் சேர்க்கிறார்; மங்கோலியர் வழியாக அந்த ஆட்சிமுறை அங்கு வந்ததாம்! தண்ணீரே இல்லாத இடத்துக்கும் பொருந்தும் நீர்க்கோட்பாட்டை எப்படிச் சோதிப்பது? அவர் ஒருகாலத்தில் பொதுவுடைமைக் கட்சியில் இருந்து, ஹிட்லரின் முகாமில் சிறைப்பட்டு, பின்னர் சோவியத் ஆட்சியைக் கடுமையாக எதிர்த்தவர். அந்தக் கோபம் நூலின் பக்கம்தோறும் தெரிகிறது. கோபத்துக்குக் காரணம் இருக்கலாம். அது எகிப்தியனின் வரப்பைப் பற்றிய சான்றாகாது.

ஊர் கூடி வாய்க்கால் வெட்டியது என்றால் எல்லோரும் சமமாக வாழ்ந்தார்கள் என்று பொருளல்ல. தலைமடைக்காரனுக்கும் கடைமடைக்காரனுக்கும் உள்ள வேற்றுமை சுமேரியாவிலும் இருந்திருக்கும். தண்ணீர் எல்லையை முன்னிட்டு லகாஷும் உம்மாவும் தலைமுறை தலைமுறையாகப் போரிட்டன. அப்போர்களின் வழியே மன்னர் வலுப்பெற்றனர் என்பது ஆராயத்தக்க கருத்து. ஆனால் அது விட்ஃபோகெல் கூறியதல்ல, வேறொரு கருதுகோள். அதையும் இதேபோல், எது முந்தியது, எது பிந்தியது என்று கேட்டே சோதிக்க வேண்டும்.