மணியாச்சிக்கு அப்பால்

ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘ஆஷ் அடிச்சுவட்டில்’ கட்டுரையை மூன்றாவது முறையாகப் படித்தது பெருமாள்மலையில், பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது. இடத்தைச் சொல்லக் காரணம் உண்டு. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ஜங்ஷனில், முதல் வகுப்புப் பெட்டியில் மனைவியோடு உட்கார்ந்திருந்த திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ் கிளம்பியிருந்தது கோடைக்கானலுக்கு. அவனுடைய நான்கு குழந்தைகள் இங்கே மலைமேல் இருந்தார்கள். நான் நின்றுகொண்டிருந்த சாலை அன்று திறக்கப்படவில்லை. கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பிலிருந்து டோலியிலோ குதிரையிலோதான் மேலே வர வேண்டும். வாஞ்சியின் துப்பாக்கிச் சத்தத்தோடு கதையை முடித்துப் பழகிவிட்ட நமக்கு, அந்தப் பயணம் எங்கே முடிந்திருக்க வேண்டும் என்ற கேள்வியே எழவில்லை.

வேங்கடாசலபதிக்கு எழுந்தது. பழைய பத்திரிகைகள், ஆவணங்கள், பாளையங்கோட்டைக் கல்லறை என்று தேடி, கடைசியில் அயர்லாந்தில் ஆஷின் பேரனிடம் போய்ச் சேர்கிறார். 1872-ல் பிறந்த ஆஷ், டண்ட்ரமில் மனநிலை பிறழ்ந்த குற்றவாளிகளை அடைத்துவைத்திருந்த விடுதியின் தலைமை மருத்துவரின் மகன். டப்ளின் டிரினிடி கல்லூரியில் படித்தவன். தானும் இங்கிலாந்தின் ஆட்சிக்குட்பட்ட தீவிலிருந்து இன்னொரு நாட்டை ஆள வந்தவன்! நாவலாசிரியன் இதைக் கற்பனை செய்திருந்தால் மிகை என்று நானே எழுதியிருப்பேன்.

கல்லறை வாசகம் தனி இலக்கிய வகை. உத்தியோகம், வயது, யாருக்கு மகன் என்பதற்கு மேல் பெரும்பாலும் பேசாது. ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் 1905-ல் சென்னை ராஜதானிக் கல்லறை வாசகங்களைத் திரட்டியபோதும், சரித்திர முக்கியத்துவம் உள்ளவற்றையே பொறுக்கினார். கல்லிலும் ஹோதா பார்த்தாயிற்று. பத்திரிகையோ அன்றன்றைய பரபரப்புக்கு அடிமை. ஆஷ் செத்த ஐந்தாம் நாள் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜுக்கு முடிசூட்டு விழா. இந்த இரண்டுக்கும் நடுவிலிருந்து ஒரு குடும்பத்தை மீட்பது சாமானியக் காரியமில்லை.

இதில் அபாயமும் இருக்கிறது. நான்கு குழந்தைகள் என்றதும் மனம் இளகுகிறது. என்னுடையதும் இளகிற்று, மறைப்பானேன்? ஆனால் 1908-ல், வ.உ.சி. சிறைப்பட்டு, திருநெல்வேலியில் துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் விழுந்த அந்த மார்ச் மாதத்தில், தூத்துக்குடியில் அதிகாரம் செய்தவனும் இதே ஆஷ்தான். குழந்தைகளைக் காட்டி அந்தக் கணக்கை நேர்செய்ய முடியாது. கட்டுரை அதற்கு முயலவும் இல்லை. அதன் பலம் இதுதான் என்பேன்.

முயல்கிறவர்கள் வேறு. பிரசவ வேதனையில் இருந்த தாழ்த்தப்பட்ட பெண்ணை ஆஷ் அக்ரஹாரத்தின் வழியே கொண்டுபோனான், அதனால்தான் கொல்லப்பட்டான் என்று ஒரு கதை உலவுகிறது. அன்றைய பத்திரிகையிலோ வழக்கு ஆவணத்திலோ இதற்குச் சான்று கிடையாது. நான் பாங்க் குமாஸ்தா. மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிடாமல் செக்கைப் பாஸ் செய்கிறவன் இல்லை. வாஞ்சியின் சனாதனத்தை நிரூபிக்க அவன் சட்டைப்பையில் இருந்த கடிதமே போதுமே! இந்தக் கதையை முற்போக்கு நண்பர்களும் கூசாமல் சொல்வதுதான் எரிச்சலாக இருக்கிறது. சாதியைப் பற்றிய உண்மை பொய்ச் சாட்சியைக் கொண்டு நிற்க வேண்டிய அளவுக்கு நோஞ்சான் அல்ல.

2011-ல், நூறாண்டு நிறைவின்போது, ஆஷின் பேரன் வாஞ்சியின் குடும்பத்துக்குச் சமாதானச் செய்தி அனுப்பினார். அதைப் படித்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவள் வாஞ்சியின் மனைவி பொன்னம்மாள். மேடைகளில் அவளுக்குக் கிடைப்பது ஒரு பெருமூச்சு, ஒரு வாக்கியம். கலெக்டரின் மனைவி அந்தப் பெட்டியிலேயே இருந்தாள். அவள் கண்டது ஆவணத்தில் ஏறியது. புனலூரில் காட்டிலாகா வேலை பார்த்தவனின் மனைவி எந்த ஆவணத்தில் ஏறுவாள்? பேரேடு எழுதத் தெரிந்த வம்சத்தைத் தேடுவது கடினம்தான், ஆனால் முடிகிற காரியம். பொன்னம்மாளைத் தேட இதே பொறுமையோடு, வேறு விதமான ஓர் உரைநடையும் தேவைப்படும். அது எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்ததில் பழனி பஸ்ஸில் ஏறிவிட்டேன்.